பிராசஸரை விடுங்கள், முதலில் ராமைப் பாருங்கள்

கேள்வி: சார், கல்லூரியில் படித்துக்கொண்டே வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 3600 ராம். கூலர், பிராசஸர் பெட்டியோடு வந்ததுதான். இதே பிராசஸர் வைத்திருக்கும் நண்பன் எல்லா கோர்களையும் 4.7 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறான். அவன் சொன்னபடி பயாஸில் 4.7, வோல்டேஜ் 1.4 என்று வைத்தேன். எக்ஸ்போர்ட் போட்டால் சூடு 95 டிகிரியைத் தொடுகிறது. இரண்டு வாரத்தில் நான்கு முறை கணினி முடங்கி நீலத்திரை வந்துவிட்டது. 1.45 கொடுத்தால் நின்றுவிடும் என்கிறான். மாற்றுவதற்கு முன்பே சில நேரம் வோல்டேஜ் 1.45 வரை காட்டியதால் அதில் ஆபத்து இல்லை என்று நினைக்கிறேன். சரியா? என் சிப் மட்டமானதா? இன்னொன்று, டாஸ்க் மேனேஜரில் ராம் வேகம் 2133 என்றே காட்டுகிறது. பிராசஸருக்குப் பக்கத்திலேயே இரண்டையும் அடுத்தடுத்துச் சொருகியிருக்கிறேன். ராம் போலியாக இருக்குமோ?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

1.45 வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் பயாஸுக்குள் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) போய் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உங்கள் சிப் மட்டமானது இல்லை. ராமும் போலி இல்லை. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பக்கத்திலேயே அடுத்தடுத்துச் சொருகியிருக்கிறேன் என்று, நீங்கள் தேடுகிற வேகம் அந்த வரியில்தான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், அவசரமான வோல்டேஜ் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

மாற்றுவதற்கு முன்பே 1.45 காட்டியது உண்மைதான். இந்தத் தலைமுறை ரைசன்களில் அது இயல்பு. ஒரே ஒரு கோர் (பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) மட்டும் சில நொடிகள் உச்சவேகத்துக்குப் போகும்போது பிராசஸர் தானே அவ்வளவு வோல்டேஜ் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மற்ற கோர்கள் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஓடும் மின்னோட்டம் குறைவு, சூடும் குறைவு. வேலை கூடி எல்லா கோர்களும் இறங்கிய உடனே அதுவே வோல்டேஜைக் கீழே இறக்கிவிடும். நீங்கள் பயாஸில் ஒரு எண்ணை நிலையாக வைத்ததும் இந்த ஏற்ற இறக்கம் நின்றுபோகிறது. ஆறு கோர்களும் முழுமூச்சாக எக்ஸ்போர்ட் செய்கிறபோதும் அதே 1.4 வோல்ட் உள்ளே போகிறது. அதிக வோல்டேஜ், அதிக மின்னோட்டம், அதிக சூடு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய தடங்கள் தேய்கின்றன. அன்றைக்கே எதுவும் எரிந்துபோகாது. முன்பு ஒழுங்காக ஓடிய வேகத்துக்கே இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்க ஆரம்பிக்கும். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் ஓவர்கிளாக்கே (தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யாமல் விட்டாலும் தடுமாறும். இப்படி வந்த பிராசஸர்களைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து கிடையாது. ஓவர்கிளாக் செய்ததால் வந்த சேதத்துக்கு, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி வாரண்டியும் தராது.

95 டிகிரி என்பது உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்சவரம்பு. அதைத் தொடுகிறது என்றால் கூலர் தோற்றுவிட்டது என்று பொருள். கூலர் மேல் குற்றமில்லை. அது 65 வாட் பிராசஸருக்காகச் செய்தது. மின்செலவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். எல்லா கோர்களும் வேலை செய்யும்போது உங்கள் பிராசஸர் 1.2 வோல்ட்டில் 4.3 கிகாஹெர்ட்ஸ் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 1.4 வோல்ட், 4.7 கிகாஹெர்ட்ஸ். வேகம் 9 சதவீதம் கூடியிருக்கிறது. செலவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. காகிதத்தில் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இதை ஒருதடவை கண்ணால் பார்த்துவிட்டால், வோல்டேஜ் பெட்டியில் கை வைக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும். 1.45 கொடுத்தால் இன்னும் 7 சதவீதச் சூடு சேரும். ஏற்கெனவே திணறுகிற கூலர் அதைத் தாங்காது.

நண்பனுக்கு ஓடுகிறதே என்றால், அவனுடையது வேறு சிப். ஒரே அச்சில் வார்த்தாலும் இரண்டு சிப்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. கூலரும் வேறாக இருக்கலாம். அவன் எந்தச் சோதனையில் எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தான் என்றும் கேளுங்கள். விளையாடும்போது நிற்கவில்லை என்பதைத்தான் நிறையப் பேர் ஓடுகிறது என்கிறார்கள்.

ஒருகாலத்தில் இதெல்லாம் உண்மையிலேயே லாபமாக இருந்தது. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற பிராசஸரில் பஸ் வேகத்தை (பிராசஸர் மற்ற பாகங்களோடு பேசும் வேகம்) 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால் போதும், 300இல் ஓடவேண்டியது 450இல் ஓடும். ஐம்பது சதவீதம்! தயாரிப்பாளர்கள் அவ்வளவு இடைவெளியை விட்டுவைத்திருந்த காலம் அது. அந்த நினைப்பு இன்னும் பலருக்குப் போகவில்லை. இப்போதைய பிராசஸர் அந்த இடைவெளியைத் தானே சாப்பிட்டுவிடுகிறது. சூடு, மின்னோட்டம், வோல்டேஜ் எல்லாவற்றையும் நொடிக்குப் பலமுறை அளந்து, எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவு ஏறிக்கொள்கிறது. உங்கள் 5600எக்ஸின் அடிப்படை வேகம் 3.7, அதுவாகவே போகும் உச்சம் 4.6. நிலையான வேகத்தைப் பிடித்து வைப்பது என்றால், இந்த வேலையைத் தெரிந்து செய்கிறவனை வெளியே அனுப்பிவிட்டு நாம் உட்காருவதுதான்.

இப்போது ராம்.

உங்கள் மதர்போர்டில் ராம் சொருக நான்கு ஸ்லாட் இருக்கும். பிராசஸருக்கும் ராமுக்கும் இடையே தகவல் போகும் பாதைக்குச் சேனல் என்று பெயர். பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் முதல் இரண்டும் ஒரே சேனல், அடுத்த இரண்டும் இன்னொரு சேனல். ஏ1, ஏ2, பி1, பி2 என்று போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். நீங்கள் இரண்டையும் அடுத்தடுத்துச் சொருகியதால் ஒரு சேனல் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. இரண்டு வழிச் சாலையில் ஒரு வழியை மூடிவிட்டு, மற்றதில் வண்டி ஓட்டுகிறீர்கள். அதுவும் பாதி வேகத்தைக் கொஞ்சம் தாண்டிய வேகத்தில்.

கணக்கு இதுதான். ஒரு சேனல் ஒரு தடவைக்கு 8 பைட் கடத்தும். 2133 வேகத்தில் ஒரு சேனல் என்றால் நொடிக்கு சுமார் 17 ஜிபி. 3600 வேகத்தில் இரண்டு சேனல் என்றால் 57.6 ஜிபி. மூன்று மடங்குக்கும் மேல். இதை நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிவிட்டீர்கள். மேசைமேல் இருந்தும் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள். பிராசஸரில் 9 சதவீதத்துக்காக 95 டிகிரியில் போராடிக்கொண்டிருந்தபோது இது சும்மா கிடந்திருக்கிறது என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. எக்ஸ்போர்ட் மூன்று மடங்கு வேகமாகிவிடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எல்லா வேலையும் ராமின் அகலத்தை நம்பி இருப்பதில்லை. ஆனால் எடிட்டிங், விளையாட்டு இரண்டிலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

2133 காட்டுவது ஏன்? பெட்டியில் போட்டிருக்கும் 3600 என்பது ராம் தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்துக் கொடுத்த வேகம். அதை எக்ஸ்எம்பி என்ற பெயரில் ராமின் சின்னச் சிப்பில் எழுதி வைத்திருப்பார்கள். நாம் பயாஸில் போய் அதை இயக்கும்வரை, எந்தக் கணினியிலும் எழுந்து நிற்கக்கூடிய பொதுவான வேகத்திலேயே ராம் ஓடும். அந்த 2133தான் உங்களுக்குத் தெரிகிறது. சில ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்எம்பி என்ற பெயர் இருக்காது. டிஓசிபி என்றோ ஏ-எக்ஸ்எம்பி என்றோ இருக்கும். பொருள் ஒன்றுதான்.

பெரிய எண்ணை மட்டும் பார்த்து ராம் வேகத்தை எடைபோட வேண்டாம். சிஎல் என்ற எண்ணும் முக்கியம். கேட்ட தகவல் வர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பது அது. 2133 ராம் சிஎல் 15இல் ஓடினால் காத்திருக்கும் நேரம் சுமார் 14 நானோநொடி. 3600 ராம் சிஎல் 18இல் ஓடினால் 10 நானோநொடி. சிஎல் எண் கூடியிருந்தாலும் துடிப்பு வேகமாகிவிட்டதால் நேரம் குறைகிறது. 3200 ராம் சிஎல் 16இல் ஓடினாலும் அதே 10தான். ஆகவே உங்கள் ராம் 3600இல் நிலைக்காமல் 3200க்கு இறங்க நேர்ந்தால் மனம் உடைந்துபோகாதீர்கள். மறுபக்கம், 4000, 4400 என்று ஏற்றவும் ஆசைப்பட வேண்டாம். உங்கள் பிராசஸருக்குள் கோர்களையும் ராம் கன்ட்ரோலரையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை இருக்கிறது. ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் கடத்துவதால், 3600 ராமின் உண்மையான துடிப்பு 1800 மெகாஹெர்ட்ஸ். அந்தப் பாதையும் 1800இல் கைகோத்து ஓடும். பெரும்பாலான 5600எக்ஸ்களில் இந்தப் பாதை 1900ஐத் தாண்டினாலே தள்ளாடும். கைகோப்பு விட்டுப்போனால் காத்திருக்கும் நேரம் கூடி, ஏற்றிய வேகத்தின் பலன் அதிலேயே கரைந்துவிடும். இந்தப் பிராசஸருக்கு 3600தான் நல்ல இடம். வாங்கும்போது சரியாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

செய்யும் முறை: கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, இரண்டு ராமையும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் சொருகுங்கள். ஒன்றாவது, மூன்றாவதில் சொருகினாலும் இரண்டு சேனல் கிடைக்கும்தான். ஆனால் இந்த வகைப் போர்டுகள் பெரும்பாலானவற்றில் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் போய் முடியும். முடியும் இடத்தில் ராம் இல்லாவிட்டால் சிக்னல் அந்த வெறும் முனையில் மோதித் திரும்பிவந்து குழப்பும். 2133இல் அது தெரியாது, 3600இல் தெரியும். சொருகும்போது கொக்கி டக்கென்று விழும்வரை அழுத்துங்கள். முதலில் எக்ஸ்எம்பி இல்லாமலே விண்டோஸுக்குள் போய், சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் இரண்டு சேனல் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். சேமித்ததும் திரை கறுப்பாக இருக்கும். கணினி இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழும். போர்டு அப்போது ராமோடு பேசிப் பழகிக்கொண்டிருக்கிறது. சில நிமிடம் பொறுங்கள். பதறிப்போய் பவர் பட்டனை அமுக்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் நிறையப் பேர். நீண்ட நேரமாகியும் வரவில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டு கையேட்டில் சொல்லியிருக்கும் சிமாஸ் முள்களை இணைத்தோ, வட்டப் பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றியோ பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். எதுவும் கெட்டுப்போகாது.

எக்ஸ்எம்பி இயங்கும்போது ராமுக்கு வழக்கமான 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட் போகும். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சில போர்டுகள் அத்தோடு எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸருக்குள் ராம் கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) என்ற இன்னொன்றையும் தாராளமாக ஏற்றிவிடும். 2023இல் ரைசன் 7000எக்ஸ்3டி வகைப் பிராசஸர்கள் சில, அவற்றைப் பொருத்தியிருந்த சாக்கெட்டோடு கருகின. அதன் பிறகு ஏஎம்டி அந்தத் தலைமுறைக்கு எஸ்ஓசி வோல்டேஜை 1.3க்கு மேல் போகாமல் பயாஸ் மூலமே பூட்டியது. உங்களுடையது வேறு தலைமுறை, பயப்பட வேண்டாம். ஆனாலும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் அந்த எண்ணை ஒருமுறை பாருங்கள். 3600க்கு 1.1 வோல்ட் போதும். அதைவிட அதிகம் காட்டினால் பயாஸில் கையால் 1.1 என்று வையுங்கள்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஏஎம்டி 5600எக்ஸுக்கு அதிகாரபூர்வமாக உறுதி தருவது 3200 வரைதான். ஆகவே 3600 எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான், சோதிக்காமல் நம்பக்கூடாது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியை எழுப்பி, நான்கு சுற்றும் முடியும்வரை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். வேகத்தை ஒரு படி இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் என் வேலைக் கணினியில் ராம் டைமிங்கை (சிஎல் போன்ற காத்திருப்பு எண்களை) ஒரே ஒரு படி இறுக்கினேன். அரைமணி நேரம் சோதித்தேன், பிழையில்லாமல் ஓடியது. நீலத்திரை ஒருமுறைகூட வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய புகைப்படங்களைத் திறந்தால், சிலவற்றில் பாதிப் படத்துக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. பழைய நகலைத் திறந்தேன். அதிலும் அதே பட்டை. நகல் எடுத்ததும் அந்தக் கணினியில்தானே! ஒரு ஃபைலை நகலெடுத்தால் அது ராம் வழியாகத்தான் போகும். போகிற வழியில் ஒரு பிட் புரண்டால் புரண்டபடியே வட்டில் போய் உட்காரும். நம் வீட்டுக் கணினிகளில் வழக்கமாகப் போடும் ராமுக்குப் பிழையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இல்லை. அந்தப் படங்களை எடுத்த தருணங்கள் திரும்பி வரப்போவதில்லை. அதை அவரிடம் சொல்லவேண்டியிருந்த நாள் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நீலத்திரை வந்தால் கணினி தன் தவறை ஒப்புக்கொள்கிறது என்று அர்த்தம். ஒப்புக்கொள்ளாத தவறுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

ராம் நிலைபெற்று ஒரு வாரம் ஆன பிறகும் பிராசஸரில் கை வைக்க ஆசை இருந்தால், முதலில் நல்ல டவர் கூலர் ஒன்று போடுங்கள். சூடு குறைந்தாலே உங்கள் பிராசஸர் தானாக இன்னும் கொஞ்சம் ஏறும். அதன் பிறகு பிபிஓவும் (பிராசஸர் தானே ஏறும் வரம்பைத் தளர்த்தும் ஏஎம்டி வசதி) அதற்குள் இருக்கும் கர்வ் ஆப்டிமைசரும். வோல்டேஜைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைக்கிற வழி இது. கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் மைனஸ் 10 என்று வைத்தால், ஒவ்வொரு படிக்கும் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை குறையும். மிச்சமான சூட்டை வைத்துக்கொண்டு பிராசஸர் வேகத்தை ஏற்றிக்கொள்ளும். தானாக ஏறி இறங்கும் பழக்கமும் போகாது. பிபிஓவும் வாரண்டிக்கு வெளியேதான் என்பதை நினைவில் வையுங்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கர்வ் ஆப்டிமைசர் அளவு மீறினால் முழு வேலையில் கணினி பெரும்பாலும் முடங்காது. சும்மா இருக்கும்போதோ, பிரவுசர் திறக்கும்போதோ திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். ஒற்றைக் கோர் உச்சவேகத்துக்குத் தாவுவது அப்போதுதான். அதனால் எல்லா கோர்களையும் சேர்த்து ஓட்டும் சோதனை மட்டும் போதாது. கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி பிரைம்95ஐ ஒவ்வொரு கோராக ஓட்டிப் பார்க்கும். பிரைம்95 உண்மையில் மெர்சன் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதியது. சோதனை ஓட்டத்தில் அது போடும் கணக்குகளுக்கு விடை முன்பே தெரியும் என்பதால், பிராசஸர் ஓர் இலக்கம் தவறினாலும் பிடித்துவிடும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில் வன்பொருள் பிழைப் பதிவு எதுவும் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் மைனஸ் 10ஐ மைனஸ் 5 ஆக்குங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஒரே ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒருதடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். விளையாட்டில் பயன் இருக்குமா என்று தெரிய, ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) ஏறினால் தடையாக இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸரில் என்ன செய்தாலும் பெரிதாக மாறாது. எடிட்டிங்கில் டைம்லைன் திக்குவதுதான் உங்கள் உண்மையான தொல்லை என்றால், ப்ராக்ஸி (மூலக் காட்சியின் இலகுவான நகல்) உருவாக்கிக்கொண்டு வேலை செய்யுங்கள். ஹெச்.265 முறையில் மிகவும் சுருக்கிய ஃபுட்டேஜை நேரடியாக இழுத்து வெட்டுவதற்கும் ப்ராக்ஸியில் வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஓவர்கிளாக்கும் தராது.

பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, விண்டோஸில் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒருமுறை ஓட்டுங்கள். நான்கு நீலத்திரைகளில் விண்டோஸ் ஃபைல்கள் ஏதாவது பழுதாகியிருக்கலாம். அதைவிட முக்கியமாக, இந்த இரண்டு வாரத்தில் எக்ஸ்போர்ட் செய்து யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா? அந்த வீடியோக்களை எல்லாம் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை உட்கார்ந்து பாருங்கள். எங்காவது ஒரு ஃபிரேம் சிதறியிருந்தால், ஒலி விட்டிருந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லி மாற்றிக் கொடுங்கள். கேமரா கார்டில் மூலக் காட்சிகள் இன்னும் இருந்தால் அதை அழிக்க வேண்டாம். ராம் சோதனை முடிந்ததும் அதிலிருந்து புதிதாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.